ஈர அச்சு

"மதினி, அன்னைக்கு அச்சு மேல தீர்த்தம் எதுவும் தெளிச்சியளா?"

ரெனால்டு என்னிடம் நேராகத்தான் கேட்டான். ஆஸ்பத்திரி வார்டு வாசலில், அண்ணனுக்கு வாங்கின பிரெட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். வாசலை ஒட்டின கட்டிலில் என் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் வலது கண்ணில் கட்டோடு கிடந்தார். நான் என் கொழுந்தன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இல்லலே. நீதான் ஆகாதுன்னு சொல்லிட்டியே. பெறவு எதுக்குத் தெளிக்கப் போறேன்?"

"அதான மதினி. சும்மா கேட்டேன்" என்றான். நம்பிவிட்டான். ஒரே ஒரு தடவை என்னைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால்கூட நான் அங்கேயே எல்லாவற்றையும் கக்கியிருப்பேன். பாவி, பார்க்கவில்லை. பிரெட்டைப் பிரித்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்தான். அதையும் வாங்கித் தின்றேன்.

தெளித்தது நான்தான்.

எங்கள் தொழிலைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். தாராவியில் உட்கார்ந்துகொண்டு மீன் செய்கிறோம். ரப்பர் மீன். உண்மையில் அது ரப்பர்கூட இல்லை, மெத்தென்ற பிளாஸ்டிக். விரல் நீளம் இருக்கும். தூண்டிலில் கோத்துத் தண்ணீரில் இழுத்தால் வால் துடிக்கும். பெரிய மீன் அதை நிஜம் என்று நினைத்து வாயை வைத்து மாட்டிக்கொள்ளும். எங்களிடம் மொத்தமாக வாங்குகிறவர் மாட்டுங்கா மகாதேவன் சார். வங்கி வேலை, சுத்த சைவம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கழிமுகத்துக்குப் போய்விடுவார். பிடித்த மீனைக் கையில் வைத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். எங்கள் கடற்கரைப் பக்கம் ஒருத்தன் இப்படிச் செய்தால் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் அவரைப் போல இந்த நகரத்தில் நூற்றுக்கணக்கான பேர் இருக்கிறார்களாம். எல்லோருக்கும் அவர்தான் எங்கள் மீனை விற்றுக் கொடுப்பார்.

அச்சு செய்கிறவன் ரெனால்டு. அவன் அண்ணன் வாய்க்காரர், அவன் கைக்காரன். மகாதேவன் சார் கொடுக்கும் வெளிநாட்டு ரப்பர் மீனைக் களிமண்ணில் பாதி புதைப்பான். சுற்றி அட்டையால் வேலி கட்டி, சிலை வார்க்கிற வெள்ளை பிஓபி மாவைக் கரைத்து ஊற்றுவான். இறுகினதும் புரட்டிப்போட்டு, களிமண்ணை எடுத்துவிட்டு, சோப்பு தடவி, மறு பாதியை ஊற்றுவான். பிரித்தால் இரண்டு பலகை. உள்ளே மீனின் வடிவத்தில் குழி. செதில், செவுள், வாலில் இருக்கிற மயிரிழை வரி வரைக்கும் அப்படியே விழுந்திருக்கும். நான் எத்தனையோ தடவை அதை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவன் கெட்டிக்காரத்தனம் அதில் இல்லை, காயவைப்பதில்தான் இருந்தது. பிஓபி தொட்டால் காய்ந்த மாதிரித்தான் தெரியும், உள்ளே ஈரம் குடித்துக்கொண்டு கிடக்கும். மும்பை மழைக்காலத்தில் துணியே நாலு நாள் காயாது, அச்சு எங்கே காயும்? ரெனால்டு ஒரு பழைய தகரப் பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு, அதற்குள் அச்சை வைப்பான். தினம் காலையில் எடுத்துத் தராசில் எடை போட்டு, சுவரில் பென்சிலால் எழுதுவான். எடை குறைந்துகொண்டே வந்தால் ஈரம் இன்னும் போகிறது என்று அர்த்தம். மூன்று நாள் ஒரே எடை நின்றால்தான் அவன் கணக்கில் காய்ந்தது. அதற்குப் பிறகுதான் வார்னிஷ் பூசுவான். அண்ணன் எவ்வளவு கத்தினாலும் ஒரு நாள் முன்னால் தரமாட்டான்.

ஏனென்றால் ஊற்றுகிற சரக்கு அப்படிப்பட்டது. வாங்கும்போது பால் மாதிரி இருக்கும். நாங்களும் பால் என்றுதான் சொல்வோம். காய்ச்சினால் கெட்டியாகி, பிறகு இளகி, எண்ணெய் போலத் தெளியும். தண்ணீர் கொதிக்கிற சூட்டைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். அதை ஊசிக்குழல் மாதிரி இருக்கிற பெரிய பிச்காரியில் இழுத்து, இறுக்கிக் கட்டிய அச்சின் வாயில் வைத்து அழுத்த வேண்டும். அப்போது உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் அது ஆவியாகி, அவ்வளவு சூட்டையும் வந்த வழியே திருப்பித் துப்பும். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று இருபது வருடமாக அடுப்பில் நிற்கிற எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதுதான் என்னை அறுக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் கோவிலில் மந்திரித்த தீர்த்தத்தை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து வருடம் முழுக்க வைத்திருப்போம். புதிதாக எது வந்தாலும், மிக்சியானாலும் சைக்கிளானாலும், தீர்த்தம் தெளித்து, கட்டைவிரலால் சிலுவை போட்ட பிறகுதான் முதல் தடவை தொடுவோம். என் அம்மா செய்தாள், நானும் செய்தேன். ரெனால்டு செய்த முதல் அச்சுக்கும் தெளித்தேன். அது ஒரு பக்க அச்சு, திறந்த குழி. துளிகள் கண்ணுக்குத் தெரிந்தன. அவன் பார்த்துவிட்டு மறுபடியும் பல்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

"மதினி, கோவிச்சுக்காதிய. இதுல தண்ணி ஆகாது" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். "தீர்த்தத்தப் போய்த் தண்ணின்னு சொல்லுதியாலே? ஒனக்கு ரெண்டு எழுத்துத் தெரிஞ்சதும் சாமிக்கு மேல ஆயிட்டியோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். "சரி மதினி, தெளிக்கணும்னா எனக்குத் தெளிங்க. நான் அச்சைத் தொடுதேம்லா" என்றான். அன்றிலிருந்து அப்படியே ஆயிற்று. புது அச்சு என்றால் அவன் தலையை நீட்டுவான், நான் தெளிப்பேன். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

ஜூலையில் மகாதேவன் சார் பெரிய ஆர்டர் கொண்டுவந்தார். ஏதோ தூண்டில் போட்டியாம். துடுப்பு வால் வைத்த மீன், உருண்டையான உடம்பு, ஒரு பக்க அச்சில் வராது. ரெனால்டு பதினெட்டு நாள் உட்கார்ந்து இரண்டு பலகை அச்சு செய்தான். நாலு நாள் எடை அசையவில்லை. அவன் மூன்று நாள் பார்ப்பான், இதற்கு நாலு நாள் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் ஊற்று. நான் பூசை முடிந்து வந்தேன். ரெனால்டு, "அச்சு ரெடி அண்ணே" என்று சொல்லிவிட்டு, சாயப்பொடி வாங்க தொண்ணூறடி ரோட்டுக்குப் போயிருந்தான். என் வீட்டுக்காரர் கீழே முகம் கழுவிக்கொண்டிருந்தார். மேலே, மாலாவில், அதாவது எங்கள் பரண் அறையில், இரண்டு பலகையும் பேப்பர் மேல் மல்லாந்து கிடந்தன.

மனசு கேட்கவில்லை. இவ்வளவு பெரிய காரியம், ரெனால்டோ வீட்டில் இல்லை, சும்மா எப்படித் தொடங்குவது என்று தோன்றியது. பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றினேன். பெரிய ஆர்டர் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன் என்று நினைக்கிறேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று தெளி. இரண்டு பலகையிலும் சிலுவை. கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கினேன். கீழே வந்து வெங்காயம் உரித்தேன். அவர் மேலே ஏறிப் போனார். மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது அந்த அலறல் கேட்டது.

ஊற்றும்போது கண்ணுக்குப் போட வேண்டிய கண்ணாடி ஆணியில் தொங்கியது. மழைக்காலத்தில் அதில் ஆவி படிகிறது என்று அவர் போடமாட்டார். பிளாஸ்டிக் அவர் வலது கண்மேல் ஒட்டி, நான் இழுக்க இழுக்க இமையோடு வந்தது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் திராணி இல்லை. கருவிழி வெந்துவிட்டது, பார்வை வராது என்று மூன்றாம் நாள் டாக்டர் சொன்னார்.

அப்போது என் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை, "அச்சு காயல." வார்டே கேட்கிற மாதிரி சொன்னார். "ஈர அச்சைக் குடுத்திட்டான். ஆர்டர் போயிரும்னு அவசரப்பட்டுட்டான்."

ரெனால்டு அவசரப்பட்டானாம். அவன் வாழ்க்கையிலேயே பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லை.

"அண்ணே, நாலு நாளு எடை பாத்தேன். செவுத்துல எழுதியிருக்கு" என்று கெஞ்சினான்.

"செவுத்துல யாரும் என்னவும் எழுதலாம்லே."

அதற்குப் பிறகுதான் வாசலில் என்னைக் கேட்டான். நானும் இல்லை என்றேன். ஏன் சொன்னேன்? பயம். புருசன் கண்ணைக் கெடுத்தவள் என்று காலம் முழுக்கச் சொல்வார்களே என்ற பயம். தீர்த்தத்தால் கண் போனது என்று எந்த வாயால் சொல்வேன் என்ற பயம். ஒரு வாரம் போகட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் பேச்சு தாராவி முழுக்கப் போய்விட்டது.

ரெனால்டு எங்களுக்கு மட்டுமா செய்தான்? செருப்பு அடிப்பாகம் ஊற்றுகிற பட்டறைக்கு, மெழுகுவத்திக்காரருக்கு, சோப்புக்காரருக்கு என்று அச்சு செய்துகொடுத்தான். கூடப்பிறந்த அண்ணனே அவன் அச்சு ஈரம் என்று சொல்லும்போது வெளியாள் எதற்கு நம்ப வேண்டும்? ஒவ்வொருத்தராகக் கழன்றார்கள். மெழுகுவத்திக்காரர் பாதி முடிந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அச்சுக்காரனுக்கு அவன் பேர்தான் முதல். அந்தப் பேர் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது எழுந்து வந்துவிட்டேன். சாமியார் மந்திரித்துக் கொடுத்ததைப் பற்றி அவரிடமே எப்படிச் சொல்வது? சீ, எனக்கென்று ஒரு சாக்கு எப்போதும் கிடைத்தது.

ஒரு மாதம் கழித்து ரெனால்டு அந்த அச்சை வெளியே எடுத்தான். அதற்கு ஒரு கீறலும் இல்லை. எடை போட்டான், பழைய எடைதான். பாலைக் காய்ச்சினான். நான் சோற்றுத் தட்டோடு மேலே போனபோது, கண்ணாடி போடாமல் முகத்தை அச்சின் வாய்க்கு நேரே வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஒனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கத்தினேன்.

"மூணாவது தடவ மதினி. ஒண்ணும் ஆகல." அச்சைப் பிரித்துக் காட்டினான். பச்சை மீன், பளபளவென்று, வால் துடிக்கிறாற்போல. எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. அப்பாடா, அவனாகவே நிரூபித்துவிட்டான், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். என் புத்தியைப் பாருங்கள்.

அவன் அந்த மீனைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"அப்ப இப்பதான் காஞ்சிருக்கு மதினி" என்றான். "அன்னைக்குக் காயல. தராசுதான் பொய் சொல்லியிருக்கு. இல்லன்னா நான் பாத்தது தப்பு. அண்ணன் சொன்னதுதான் சரி."

சோற்றுத் தட்டோடு நின்றேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒருத்தி அடித்துக்கொண்டாள். "சாப்பிடுலே, ஆறுது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சாயங்காலம் அவன் ஈரத் துணியால் சுவரில் இருந்த எண்களை எல்லாம் துடைத்தான். இரண்டு வருடத்து எடை. மறுநாள் கல்யாண் போய்விட்டான். அங்கே ஒரு குடோனில் மூட்டை தூக்கும் வேலை.

தினம் சாயங்காலம் எனக்குப் போன் செய்வான். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டான். அண்ணனுக்கு வலி இருக்கிறதா, மருந்து ஊற்றினார்களா, அவ்வளவுதான். அப்பா அம்மா போன பிறகு பன்னிரண்டு வயதில் அவனை ரயிலேற்றிக் கூட்டிவந்து வளர்த்தது என் வீட்டுக்காரர். எனக்குக் கல்யாணம் ஆகி வந்தபோது இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் என்றால் அவனுக்கு எல்லாம்.

செப்டம்பரில் ஒரு நாள் போனில் சொன்னான்: "மதினி, இங்கன ஒரு கண் டாக்டரப் பாத்தேன். என் கண்ணுல ஒண்ண அண்ணனுக்கு வைக்க முடியுமான்னு கேட்டேன். உயிரோட இருக்கவன்கிட்ட எடுக்க மாட்டாவளாம்."

அதைச் சர்வ சாதாரணமாகச் சொன்னான், கடையில் சாமான் இல்லை என்று சொல்கிற மாதிரி. போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து போய் என் வீட்டுக்காரர் முன்னால் நின்றேன்.

"அச்சு ஈரம் இல்ல. நாந்தான் தீர்த்தம் தெளிச்சேன். என்னைய அடிங்க, வெட்டுங்க, என்ன வேணா செய்யுங்க."

அவர் டிவியை நிறுத்தினார். ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார்.

"தெரியும்ட்டி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"மேல போனதும் பாத்தேன். நனைஞ்சிருந்துச்சு, பேப்பரும் நனைஞ்சிருந்துச்சு. ஒன் வேலைதான்னு தெரிஞ்சுது. கைலி நுனியால தொடைச்சேன். போதும்னு நெனச்சேன். வால் வரிக்குள்ள நின்னிருக்கும்போல. பால் ஆறிரும்னு அவசரத்துல கட்டி அழுத்திட்டேன்."

"பெறவு எதுக்கு அவன் மேல போட்டிய?"

"வலியில மொதல்ல வாயில வந்திருச்சு. பெறவு மாத்த முடியல." ரிமோட்டைத் தரையில் வைத்தார். "நானே தொடைச்சிட்டு ஊத்துனேன்னு சொன்னா இந்த ஏரியாவுல எவன் எனக்கு வேலை தருவான், அதுவும் ஒத்தக் கண்ணனுக்கு? ஒன்னயச் சொன்னா ஊரு சிரிக்கும். அவன் ஒத்த ஆளு. எங்க போனாலும் பொழைச்சிக்கிடுவான்."

"அவன் என்கிட்ட வந்து கேட்டானே. நான் இல்லன்னு சொன்னேனே."

"முழிச்சுத்தான் கெடந்தேன்" என்றார். "கேட்டுச்சு. நீயும் இல்லன்னு சொன்னதும் நிம்மதியாப் போச்சு."

நாசமாய்ப் போக. அடுத்தடுத்த பாயில் படுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பொய்யைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் இரண்டு மாதம் தூங்கியிருக்கிறோம். "வாங்க, நாளைக்குக் கல்யாண் போய் அவன்கிட்டச் சொல்லிட்டு வருவோம்" என்று கூப்பிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் சயானில் ஸ்லோ டிரெயின் ஏறித் தனியாகவே போனேன். குடோன் வாசலில் மத்தியானம் வரைக்கும் காத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் வந்தான். தோள் எல்லாம் மூட்டைத் தூசி. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணனுக்கு என்ன மதினி?"

"அவியளுக்கு ஒண்ணும் இல்ல. நீ இப்படி உக்காரு."

சொன்னேன். பாட்டிலைத் திறந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "ஒன் அச்சு காஞ்சுதான் இருந்துச்சு. ஒன் தராசும் பொய் சொல்லல. நாந்தான் பொய் சொன்னேன்" என்று அவன் கையைப் பிடித்து அழுதேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. பெரிய மூச்சு ஒன்று விட்டான். முகம் தெளிந்தது. எனக்கே இலேசாக இருந்தது.

"போகட்டும் மதினி. நீங்க வேணும்னா செஞ்சிய?" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணன்கிட்டச் சொல்லணும். பாவம், நான் ஏமாத்திட்டேன்னு எவ்வளவு வேதனப்பட்டிருப்பாவ. இன்னைக்கே வாரேன். நாம ரெண்டு பேருமாச் சொல்லுவோம்."

அவன் கையை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அதைப் பார்த்து அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அந்த வார்த்தை. இன்னொரு பொய் வேண்டாம் என்றுதான் நினைத்தேன், சாமி சத்தியமாக.

"தெரியும்லே."

"எப்ப இருந்து?"

"அன்னைக்கே. அவியதான் தொடைச்சிட்டு ஊத்துனது. வார்டுல நீ என்கிட்டக் கேட்டதும் அவிய காதுல விழுந்திருக்கு."

உள்ளேயிருந்து ஒருத்தன், "அரே ரெனால்ட், சல் பாய்" என்று கூப்பிட்டான். இவன் காதில் விழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இருபது வருடம் வளர்த்த பிள்ளை, அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"கண்ணக் கெடுத்தது நாந்தான்னு நெனச்சப்பகூட எனக்கு ஒரு அண்ணன் இருந்தாவ மதினி" என்றான். "இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்."

எழுந்து, கையைப் பேண்ட்டில் தட்டிக்கொண்டு, சாப்பிடாமலேயே உள்ளே போனான்.